சாக்கு என்றாள்

என் மனைவி ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். நான் ஆம்பூரிலிருந்து பிழைக்க வந்தவன். கல்யாணமான புதிதில் சோறு போட்டுக்கொண்டே அவள் அம்மா "சாக்கா?" என்று கேட்க, கோணிப்பை எதற்கு என்று விழித்தேன். கன்னடத்தில் சாக்கு என்றால் 'போதும்' என்று அர்த்தமாம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அவர்கள் வீட்டில் என் மானத்தை வாங்கினார்கள். அந்தச் சொல்லை மட்டும் நான் மறக்கவே இல்லை.

எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. அவள் அதைப் பற்றிப் பேசமாட்டாள். ஈஜிபுரா வாடகை வீட்டில் ஒரு மீன்தொட்டி வைத்து, அதைப் பற்றியே பேசுவாள். மீனைவிட மேலே மிதக்கிற குட்டி ஆகாயத்தாமரைதான் அவளுக்கு உசத்தி. வேர் தாடி மாதிரி தண்ணீருக்குள் தொங்கும், மீன்குஞ்சுகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஃபில்டர் தண்ணீர் விழுந்து இலை அழுகாமலிருக்க ரப்பர் குழாயை வளையமாக்கி, செடிகளை அதற்குள் மிதக்கவிட்டிருந்தாள். நல்லது செய்வதாக நினைத்து ஒரு நாள் நான் சொம்பிலிருந்து தண்ணீர் தெளித்தேன்.

"யோவ், தலையில தண்ணி ஊத்தாதே. இன்னா, துளசி மாடமா இது? காலு தண்ணில இருக்கணும், தல காஞ்சிருக்கணும்" என்றாள்.

ஞாயிறுதோறும் பெருகிப்போன செடிகளை அள்ளி எடுப்பாள். "சாக்கும்மா, சாக்கு. மீனுக்கு வெளிச்சம் வேணாமா?" என்று செடியிடமே பேசுவாள்.

போன வருஷம் அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாஸ்க்கோடு கிடந்தாள், பேச மூச்சில்லை. ஒரு காலையில் போனில் தொட்டியின் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். மாஸ்க்கைச் சற்றே தூக்கி, படத்தைத் தொட்டு, "சாக்கு" என்றாள்.

கண்ணும் கருத்துமாய் வளர்த்தவளுக்கே போதும் என்று ஆகிவிட்டதே. வீட்டுக்குப் போய் மீன்களைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். செடிகளை மொட்டைமாடியில் கொட்டினேன். சாயங்காலம் அவளிடம், "எல்லாத்தையும் எடுத்துட்டேன்மா. இனிமே அதப் பத்திக் கவலப்படாதே" என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அசதி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா விசாரிக்க வந்தார். காலித் தொட்டியைப் பார்த்து, "மீனு சாக்கிட்டிருந்தாங்களே, எங்க போச்சுண்ணா?" என்றார்.

"சாக்கிட்டுன்னா?"

"வளக்கறதுங்க. நாய் சாக்கறோம், மாடு சாக்கறோம், புள்ளய சாக்கறோம்."

"சாக்குன்னா போதும்னுதானே அர்த்தம்?"

"அதுவும் சாக்குதான், இதுவும் சாக்குதான்."

அவர் போனதும் தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தி, ஒரு சொல்லில் பாதியைத்தான் கற்றிருக்கிறேன். மாடிக்கு ஓடினேன். செடியெல்லாம் சருகாகிக் கிடந்தது. தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

வளர்த்துக்கோ என்றுதான் கேட்டிருக்கிறாள். கொன்றுவிட்டேன், கவலைப்படாதே என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன்.