சொல்லக்கூடாத வேலை

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எந்தப் பிள்ளைக்கும் தன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாது. எல்லா அப்பாக்களும் ஒரே தொழிற்சாலைக்குத்தான் போனார்கள். காலையில் சங்கு ஊதினால் சைக்கிள்கள் கிளம்பும், மாலையில் ஊதினால் திரும்பும். நடுவில் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில், வெளியே சொல்லக்கூடாது. அங்கே பீரங்கி வண்டி செய்கிறார்கள் என்பது நெமிலிச்சேரி ஸ்டேஷனில் கடலை விற்பவருக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் எங்கள் அப்பாக்கள் வாயைத் திறக்கமாட்டார்கள்.

அவர்கள் சொல்லாததை நாங்களே சொல்லிக்கொண்டோம். எதிர் வீட்டுப் பையன் தன் அப்பாதான் பீரங்கிக் குழாயில் துளை போடுபவர் என்பான். நான் விடுவேனா? என்னிடம் ஆதாரங்கள் இருந்தன. மற்ற அப்பாக்கள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே என் அப்பா கிளம்பிப் போயிருப்பார். சட்டையில் எண்ணெய் வாடை அடிக்கும். இரண்டு கைகளிலும் முழங்கை வரை சூடு பட்ட தழும்புகள். ஆகவே அப்பா நெருப்போடு வேலை செய்கிறவர், செய்து முடித்த பீரங்கியைச் சுட்டுப் பார்ப்பவரே அவர்தான் என்று முடிவு கட்டி, ஆறாம் வகுப்பில் அதை அறிவித்தும் விட்டேன். அந்த எண்ணெய் வாடையோடு தாளித்த கடுகும் கறிவேப்பிலையும் சேர்ந்து மணந்ததே என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பெருமை தலைக்கேறிவிட்டால் மூக்கு வேலை செய்யாது போலிருக்கிறது. அப்பா காதில் விழும்படியே இதையெல்லாம் பேசுவேன். அவர் ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. எங்கள் வரிசைக்குக் கணக்கெடுக்க வந்தவர் என் வகுப்பு டீச்சரேதான். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லா அப்பாக்களும் வீட்டில் இருந்தார்கள். டீச்சர் உட்கார ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அவர் பின்னால் போகும் உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒவ்வொருவரும் எங்கே வேலை செய்கிறார், அங்கே என்ன தயாராகிறது, அதில் இவர் செய்வது என்ன என்று டீச்சர் கேட்டார். ரகசியத்தை வெளியே சொன்னால் ஜீப்பில் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எதிர் வீட்டுப் பையன் முன்பே சொல்லியிருந்தான். அவன் சொன்னதில் நான் நம்பிய ஒரே விஷயம் அதுதான். ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு மாமா, மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவர், கொஞ்சமும் பயமில்லாமல் பதில் சொன்னார்.

"டர்னருன்னு எயுதிக்கோங்க டீச்சர். இதுல இன்னா கீது?"

அவர் மனைவி தன்னை வீட்டு வேலை என்றே எழுதச் சொன்னார். அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் காசு வாங்குகிறீர்களே, அப்படியானால் நீங்களும் வேலை பார்ப்பவர்தான் என்றார் டீச்சர். மாமி வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு மாமாவை ஒரு பார்வை பார்த்தார். மற்ற வீடுகளிலும் அப்பாக்கள் ஃபிட்டர் என்றும் வெல்டர் என்றும் தயங்காமல் ஒப்பித்தார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது. எங்கள் வரிசையில் நாட்டைக் காட்டிக்கொடுக்காத ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தோம். அம்மா வீட்டு வேலை, நான் மாணவி. பள்ளிக்கூடம் போகாத என் தம்பியை, 'சார்ந்திருப்பவர்' என்று டீச்சர் எழுதினார். அது ஏதோ பெரிய பதவி என்று நினைத்து அவன் என்னைப் பார்த்துக் பழிப்புக் காட்டினான். அப்பாவின் முறை வந்தது. எங்கே வேலை என்பதற்குப் பதில் சொன்னார். அங்கே செய்யும் வேலை என்ன என்று டீச்சர் கேட்டார். அம்மா சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டார்.

"அது சொல்லக்கூடாது டீச்சர்," என்றார் அப்பா.

நான் ஸ்டூலுக்குப் பின்னால் நின்று டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். இப்போது தெரிகிறதா என் அப்பா யாரென்று? டீச்சரோ பொறுமையாக விளக்கினார். இதில் எழுதுவதை யாருக்கும் காட்டமாட்டோம், போலீஸ் கேட்டாலும் கொடுக்கமாட்டோம், அதனால் பயப்படாமல் சொல்லலாம் என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"புள்ளைகளுக்குத் தெரிய வருமா டீச்சர்?"

போலீஸைவிட எங்களைப் பற்றி அப்பா ஏன் கவலைப்படுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் சொல்லத் தயாராகிவிட்டார் என்பது மட்டும் புரிந்தது. ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"சொல்லாதீங்கப்பா! ஜீப்பு வந்துரும்!"

நான் போட்ட கூச்சலில் தம்பியும் அழ ஆரம்பித்தான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். தலைகுனிந்து நிற்கும் அப்பாவைப் பார்த்தார், பேனாவைப் பிடித்தபடி இருக்கும் டீச்சரைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இன்னா டீச்சர், கொயந்தைங்கள அய வெச்சிகினு. இவுரு வேல மத்தவங்களுது மாதிரி இல்ல. தனியா கேட்டு எயுதிக்கோங்க," என்று சொல்லி எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு தெருக்குழாயடிக்கு வந்துவிட்டார்.

அங்கே எதிர் வீட்டுப் பையனும் மற்ற பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். மாமா எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்.

"உங்கப்பா ஒரு நாளு லீவு போட்டாருன்னா உள்ள ஒருத்தனுக்கும் வேல ஓடாது. தெரியுமா உனக்கு?"

எதிர் வீட்டுப் பையனுக்கு அது பொறுக்கவில்லை. வாளியோடு வந்த தன் அப்பாவைப் பார்த்து நிஜமா என்று கேட்டான். அவர் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு கணம் மாமாவைப் பார்த்தார்.

"ஆமாடா. அவர் வேலதான் எல்லாத்தையும்விட முக்கியம். இனிமே அந்தப் பிள்ளைகிட்ட வம்பு வளக்காத," என்று மகனை அதட்டினார். வெல்டர் வீட்டு மாமாவும் அங்கே நின்று தலையை ஆட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

டீச்சர் வெளியே வந்தார். என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வகுப்பில் எதிர் வீட்டுப் பையன் எழுந்து, இவள் அப்பா என்ன வேலை என்று சொன்னார் டீச்சர் என்று கேட்டேவிட்டான். அரசாங்கத்திடம் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது, உட்கார் என்றார் டீச்சர். அன்று முழுக்க நான் முதுகை நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் பக்கத்து வீட்டு மாமாவின் மகளுக்கு எங்கள் பக்கத்துச் சமுதாயக்கூடத்தில் கல்யாணம். விடிந்தும் சமையல்காரர் வந்து சேரவில்லை. மாமி அழுதேவிட்டார். அப்பா புது வேட்டியை மடித்துக் கட்டினார், சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார், நேராக அடுப்படிக்குப் போனார். ஆள் உயரக் கரண்டியை, தினமும் பிடிக்கிறவர் போலப் பிடித்தார். எங்கள் வரிசை மாமாக்கள் யாரும் சொல்லாமலே அண்டா தூக்கினார்கள், காய் நறுக்கினார்கள். "மாஸ்டர், சாம்பாருக்கு உப்பு போட்டாச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டார்கள். முகூர்த்தம் முடிந்தபோது கூடம் நிறையப் பந்தி விரித்தாயிற்று. ஆச்சரியப்பட்டு நின்றது அந்த வரிசையின் பிள்ளைகள் மட்டும்தான்.

அன்று மாலை அப்பாவே சொன்னார். ஐடிஐ முடித்துவிட்டு, டேங்க் செய்யப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக் கிளம்பினாராம். வந்த இடத்தில் கேண்டீனில்தான் வேலை காலியாக இருந்ததாம். டீச்சரிடம் ஃபிட்டர் என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சர்க்காருக்குப் பொய் சொல்லக்கூடாதும்மா. உங்ககிட்ட நெசத்தச் சொல்லவும் வாய் வரல."

எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமும் வரவில்லை. காலையிலிருந்து என்னிடமே இருந்த சட்டையை அவருக்குப் போட்டுவிட்டேன். அத்தனை பேருக்கும் இலை போட்டு வயிறு நிறைத்த மனிதரின் மகள் என்று கூடத்தில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது.

அப்பா என்ன வேலை பார்த்தார் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியாமல் போனது பெரிய விஷயமில்லை. அதைவிடப் பெரிய ஒன்று எனக்குப் புரியாமல் போயிருக்கிறது. எங்கள் வரிசையில் இருந்த ஒவ்வொரு அப்பாவும் தினமும் மத்தியானம் என் அப்பா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொருவருக்கும் தெரியும். பீரங்கி ரகசியத்தை வெளியே விட்டிருந்தால் அவர்கள் வேலை போயிருக்கும். என் அப்பாவின் ரகசியத்தைத் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் அத்தனை வருடத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.