ஐலி ரன்டா வாங்கிய இரண்டு மடிக்கணினிகள்

கனடாவின் தண்டர் பே நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஐலி ரன்டா ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள், மற்றவர்கள் அதையே வாங்கி, பழசாக்கி, தூக்கியும் போட்டிருப்பார்கள். தர்ப்பூசணியைத் தட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். டோஸ்டரைக் காதில் வைத்துக் கேட்டவள் இவள் ஒருத்திதான். அப்படிப்பட்டவள் போன குளிர்காலத்தில் ஒரு மடிக்கணினி வாங்கிய கதையை ஊரில் ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்கிறார்கள். நான் அவளுக்கு எதிர்வீடு. ஆகவே என் விதம்தான் சரி.

மடிக்கணினி அவளுக்கு எதற்கு என்றால், தம்பி ரெய்னோவுக்காக. மனைவி விட்டுப்போன பிறகு அவன் வடக்கே ஓர் ஏரிக்கரையில், கோடையில் மட்டும் ஆள் வரும் மீன்பிடி விடுதிக்குக் குளிர்காலக் காவலாளாகப் போய்விட்டான். பக்கத்தில் ஈ காக்கை கிடையாது. தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டான். ஆனால் கணினியில் பனி ஏரி விளையாட்டு ஒன்று உண்டு. உறைந்த ஏரியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் அக்காவும் தம்பியும் மதியந்தோறும் சந்திப்பார்கள். அங்கே மட்டும் ரெய்னோ வாய் திறப்பான். சாப்பிட்டாயா என்றால் பதில் சொல்வான். ஐலியின் பழைய கணினி செத்த அன்றோடு அந்தக் குரலும் நின்றுபோனது. பேச ஆளில்லாத தம்பி என்ன செய்துகொள்வானோ என்று அவள் பயந்தாள்.

முதலில் கடைக்குப் போனாள். வங்கிக் கணக்கு, வரி, பேருந்து அட்டவணை இதெல்லாம் பார்க்க வேண்டும், விளையாடவும் வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்றாள். விற்பனைப் பையன் விசைகளுக்கு அடியில் ஏழு வண்ணமும் மினுங்கும் ஒன்றைத் திறந்து காட்டினான்.

"இது கீபோர்டா, கிறிஸ்துமஸ் மரமாப்பா?"

"மெயில் மட்டும் பாக்கறதுன்னா சின்னதே போதும் மேடம். கேம் ஆடணும்னா கிராஃபிக்ஸ் கார்டு தனியா இருக்கணும், மெமரியும் நெறைய வேணும். இல்லேன்னா படம் திக்கித் திக்கித்தான் வரும்."

அவன் சொன்னது நியாயம். விலையும் சொன்னான். ஐலி தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல மூடியை மெல்லச் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்து, பழைய பொருள் விளம்பரங்களைத் துழாவினாள். மெலிசானவை பார்க்க அழகு, ஆனால் சூடேறினால் தள்ளாடும் என்று தள்ளினாள். திரை நல்லதாக இருந்தவற்றில் மின்கலம் செத்திருந்தது. கடைசியில் கார்ல் என்பவரின் விளம்பரம் பிடித்தது. தடிமனான பழைய கணினி, கிராஃபிக்ஸ் கார்டு தனி, எழுத்துகள் தேய்ந்தவை. 'ஓடும், ஆனால் மூச்சு வாங்கும்' என்று அவரே ஒளிக்காமல் எழுதியிருந்தார். அந்த நேர்மைக்காகவே ஐலி சம்மதித்தாள்.

எங்கள் ஊரில் இப்படி விற்கிறவரும் வாங்குகிறவரும் முகம் பார்த்துக்கொள்வது அபூர்வம். பொருளைப் பையில் போட்டு வாசல் வராந்தாவில் வைத்துவிடுவார்கள். வருகிறவர் பணத்தைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு எடுத்துப்போவார். நீலக் கதவு, வராந்தா நாற்காலி மேல் பை என்று கார்ல் அடையாளம் சொல்லியிருந்தார். ஆனால் போர்க்காலத்தில் கட்டிய அந்தத் தெருவில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. கதவு எண்களைப் பனி மூடியிருந்தது. ஐலி நீலக் கதவைக் கண்டாள், நாற்காலியைக் கண்டாள், பையை எடுத்தாள், பணத்தைப் போட்டாள், வந்துவிட்டாள்.

குளிரில் கிடந்த கணினியை உடனே இயக்கினால் உள்ளே ஈரம் பூத்துக் கெட்டுவிடும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஐலி அதைத் துண்டில் சுற்றிக் குளிர் விடும்வரை வைக்க எண்ணிப் பையிலிருந்து எடுத்தாள். அடிப்புறம் வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே மூச்சே உறையும் குளிர். ஆனால் இதுவோ, இப்போதுதான் ஒருவர் மடியிலிருந்து இறக்கி வைத்ததுபோல இருந்தது.

தடிமனும் தேய்ந்த எழுத்துகளும் கார்ல் சொன்னபடிதான். ஆனால் இது மூச்சு வாங்கவில்லை. தொட்ட மாத்திரத்தில் எல்லாம் திறந்தது. விசிறியின் சத்தமே கேட்கவில்லை. கார்ல் தன் பொருளைத் தானே தாழ்த்திச் சொல்லியிருக்கிறார் என்று ஐலி நினைத்துக்கொண்டாள். அவளுடைய பூனை மட்டும் அதை அண்டவில்லை. சூடான எதன் மேலும் ஏறிச் சுருண்டுகொள்ளும் பூனை அது. இதைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்கிப் போனது.

பனி ஏரியில் ரெய்னோ இருந்தான்.

"எங்க போய்த் தொலஞ்சக்கா?" என்றான். பிறகு, "ஆமா, யாரக் கூட்டிட்டு வந்திருக்க?" என்றான்.

இருவருக்கும் நடுவில் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. யாரோ விளையாட வந்த அந்நியன் என்று ஐலி விட்டுவிட்டாள். அது பேசவில்லை. ஆனால் அது துளை போட்ட இடத்தில் பெரிய பெரிய மீனாக அகப்பட்டது. ரெய்னோவுக்கு உற்சாகம் பிறந்தது. சிவப்புத் தொப்பி எழுந்து தீவின் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடக்கும், நின்று திரும்பிப் பார்க்கும். ரெய்னோ அதன் பின்னால் போவான். நாளுக்கு நாள் இன்னும் தொலைவு போனான். அக்காவோடு பேச்சும் குறைந்தது.

ஒரு நாள் அவன் சொன்னான்: "இந்த ஏரி அச்சு அசலா என் வாசல்ல இருக்கற ஏரி மாதிரியே இருக்குக்கா. அதே தீவு. நாளைக்கு மத்தியானம் நெஜமாவே அந்தப் பக்கம் போய்த் துளை போட்டுப் பாக்கப் போறேன்."

ஐலி கணினியை அணைத்தாள். அணைத்த பிறகும் அது சூடாகவே இருந்தது.

மறுநாள் கடுங்குளிர் என்று பள்ளிப் பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். காலையில் கார்லிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வாங்கவே வரவில்லையே, வேண்டாமா, பை வராந்தாவிலேயே கிடக்கிறது என்று கேட்டிருந்தார். ஐலி தன்னிடமிருந்த கணினியைப் பைக்குள் திணித்தாள். அதைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவுக்கு வண்டியை ஓட்டினாள். தான் பணம் போட்ட வீட்டின் நீலக் கதவைத் தட்டினாள். சைமா என்ற வயதான பெண்மணி திறந்தாள். பையைப் பார்த்ததும் முகம் மாறிப்போனது.

"பெட்டியில பணம் கெடந்துது. வண்டிக்காரர்தான் அதப் போட்டுட்டுப் பைய எடுத்துட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன். பழைய சாமான் வண்டிக்குன்னு வெளிய வெச்சதும்மா அது. தானா ஸ்கிரீன் எரியும், தானா பேசும். வீட்டுல வெச்சுக்க முடியல."

"யாரோடது?"

"வில்ஹோ. என் வீட்டுக்காரர். போன வருஷம் மீன் பிடிக்கப் போனவரு, வரல." எந்த ஏரி என்று சொன்னாள். ரெய்னோ இருக்கும் ஏரி. "தீவுக்கு அந்தாண்ட, அடியில நீரோட்டம் ஓடற எடம். எவ்வளவு குளிர் அடிச்சாலும் ஐஸ் அங்க அப்பளமா இருக்கும். சிவப்புத் தொப்பி மட்டும் கெடச்சுது."

ஐலி பையைத் தன் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தாள்.

"தனியாப் போற பழக்கம் அவருக்கு எப்பவும் கெடையாதும்மா," என்றாள் சைமா. "கூட ஒரு ஆள் வேணும்."

ஐலி அந்தக் கணினியை வராந்தா நாற்காலியில் வைத்தாள். ரெய்னோவுக்குத் தொலைபேசி அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடுதிக்குப் போகச் சாலை கிடையாது. பக்கத்து வீட்டுக்கும் நீலக் கதவு; அங்கே கார்லின் வராந்தாவில், பனிக்குள் புதைந்து, அவள் உண்மையிலேயே தேர்ந்தெடுத்த கணினி கிடந்தது. பிடுங்கி எடுத்தபோது பாறையாக உறைந்திருந்தது. உடனே இயக்கினால் செத்துவிடும். இயக்காவிட்டால் தம்பி போய்விடுவான்.

வண்டிக்குள் உட்கார்ந்து சூடேற்றியை முழுக்கத் திருகினாள். கணினியைத் தன் கோட்டுக்குள் வைத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். குளிர் எலும்பு வரை ஏறியது. கண்ணாடியில் வெயில் உச்சியை நோக்கி நகர்வதைப் பார்த்துக்கொண்டே பொறுத்தாள். இனிப் பொறுக்க முடியாது என்றானதும் விசையை அழுத்தினாள். பனி அள்ளும் இயந்திரம்போல விசிறி அலறியது. கைப்பேசி இணைப்பில் பனி ஏரி துண்டு துண்டாக வந்து சேர்ந்தது.

ரெய்னோ தீவின் விளிம்பில் நின்றான். அவனுக்கு முன்னால் சிவப்புத் தொப்பி. வில்ஹோவின் கணினி மூடியபடி சைமா வீட்டு நாற்காலியில் கிடக்கிறது. இருந்தும் அது அங்கே நின்றது.

"இப்பத்தான் பூட்ஸ் மாட்டறேன்க்கா," என்றான் ரெய்னோ. "வெளிய கெளம்பறேன்."

போகாதே என்றால் போவான். அது அக்காவுக்குத் தெரியும்.

"நானும் வரேன்டா. இந்தச் சனியன் நகர மாட்டேங்குது. நான் பக்கத்துல வர்ற வரைக்கும் அசையாத."

அவள் உருவம் ஓர் அடி வைத்தது, உறைந்தது. இன்னோர் அடி வைத்தது, பின்னுக்குத் துள்ளியது. ரெய்னோ சிரித்தான்.

"என்னக்கா இது, ஆமைக்கு ஆணி அடிச்ச மாதிரி? எவன் தலையில கட்டினான் இத?"

"நானே பொறுக்கி எடுத்ததுடா. சிரிக்காத. நில்லு."

அவன் நின்றான். நிற்கிற நேரத்துக்குப் பேச வேண்டியிருந்தது. முதலில் அக்காவின் டோஸ்டர் பற்றிக் கிண்டல் செய்தான். பிறகு அப்பா பற்றிப் பேசினான். பிறகு, அதுவரை ஒருமுறைகூடச் சொல்லாத தன் மனைவி பெயரைச் சொன்னான், சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதான். ஐலியின் உருவம் பனியில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. சிவப்புத் தொப்பி இருமுறை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தது. ரெய்னோ போகவில்லை.

அவள் அவனருகே வந்து சேர்ந்தபோது அவன் ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது.

"இருட்டப் போவுது. இனிமே எங்க போறது," என்றான். பூட்ஸைக் கழற்றிப் போடும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

சிவப்புத் தொப்பி ஐலியை நேராகப் பார்த்தது. பிறகு தன்னந்தனியாகத் தீவைச் சுற்றிப் போனது. அதன்பின் அந்த ஏரியில் அவர்கள் அதைக் காணவில்லை.

பனி உருகியதும் ரெய்னோ ஊருக்கு வந்துவிட்டான். இப்போது கூப்பிட்டால் தொலைபேசியை எடுக்கிறான். அக்காவுக்குப் புதுக் கணினி வாங்கித் தருகிறேன் என்று நச்சரிக்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். எங்கள் வீடு வரை கேட்கிறது அந்தப் பழசின் விசிறி.

வில்ஹோவின் கணினி அன்று சாயங்காலமே நாற்காலியில் இல்லை. அந்தக் குளிருக்குச் சாமான் வண்டியும் வந்திருக்கவில்லை. இந்த ஆண்டு முதல் பனி விழுந்ததும் ஒரு விளம்பரம் பார்த்தேன். விளையாட்டுக்கும் வீட்டு உபயோகத்துக்கும் ஏற்ற மடிக்கணினி, நல்ல வேகம், சத்தமே இல்லை, விலை மலிவு, வராந்தாவில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். நல்ல கணினி எது என்று கேட்கிறவர்களுக்கு நான் கிராஃபிக்ஸ் கார்டையும் மெமரியையும் பற்றிச் சொல்வேன். கூடவே இதையும் சொல்வேன்: எடுக்குமுன் அடியில் கை வைத்துப் பாருங்கள். எங்கள் ஊர்க் குளிரில் அது சூடாக இருந்தால், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.