ஏதென்ஸ் முறையில் குறைந்த ஒரு சீட்டு

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், நினைவு மலருக்காக அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி குடும்பத்தார் என்னைக் கேட்டார்கள். நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம் சபையில் அவர் மேல் ஒரு பழி இன்னும் இருக்கிறது. செயலாளர் தேர்வில் ஒரு சீட்டை ஒளித்தார் என்ற பழி. ஒளித்தது நான். முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் கடைசிப் பத்திக்குள் வேறெதையாவது எழுதி நழுவிவிடுவேன். என் சுபாவம் அப்படி.

அண்ணன் கீழ்பென்னாத்தூர் அருகே மல்லாட்டைக் கடலை பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட, விடியலில் கொல்லைக்காட்டு வேலைக்கும் பிறகு பள்ளிக்கூடத்துக்குமாக நடந்து படித்தார். என்னையும் படிக்க வைத்தார். சரித்திர ஆசிரியராகி, அண்ணியைக் கைப்பிடித்து, வேங்கிக்காலில் சிறு வீடு கட்டினார். வாழ்நாளில் ஒரு மாணவனையும் கைநீட்டி அடித்ததில்லை. ஏதென்ஸைப் பற்றிப் பேசியே களைக்க வைத்துவிடுவார்.

பழைய கிரேக்கர் மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். கிரிவலம் வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நின்றால்கூட, பக்கத்தில் நிற்பவரிடம் ஆரம்பித்துவிடுவார். "அங்க அதிகாரியைக் குலுக்கல்ல எடுப்பாங்க சார். குயவனும் வரலாம், செருப்பு தெக்கிறவனும் வரலாம். வருஷம் முடிஞ்சா ஊர் முன்னாடி நின்னு பதில் சொல்லணும்." பஸ் வேண்டாம் என்று நடந்தே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் இந்தப் பிரியம் சபைக்குள் வந்தது. அப்போது நம் செயலாளர், நாம் எல்லோரும் பெரியவர் என்று அழைப்பவர். கெட்டவர் அல்லர், ஆனால் வெகுகாலமாக அவரே செயலாளர், முன்வரிசைக் குடும்பங்களே குழு. காலனியிலிருந்து வரும் குடும்பங்கள் பின்வரிசையிலேயே உட்கார்ந்து, பின்வரிசையிலிருந்தே எழுந்து போனார்கள். ஆண்டுக் கூட்டத்தில் அண்ணன் எழுந்து, எல்லோர் பெயரையும் எழுதிக் குலுக்கி எடுப்போம் என்றார்.

"ஏன் சார், இது சபையா, பம்பர் குலுக்கலா?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"வேதத்துல அப்போஸ்தலர்களே பன்னிரண்டாவது ஆளைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தாங்க ஐயா. யார் பேர் வேணா வரலாம்னு ஆயிட்டா, யாரையும் கம்மியா பாக்க மாட்டோம்."

"அப்போ பொம்பளைங்க பேரும் போடுவீங்களா?"

"போடணும். கிரேக்கன் தப்பு பண்ணது அங்கதான். பொம்பளைங்களையும் அடிமைங்களையும் வெளியே நிக்க வெச்சிட்டு, ஜனங்க ஆட்சின்னு பேர் வெச்சான். அவனுக்குத் தெரியல. நாம ஒரே அப்பத்துல பங்கு வாங்குறவங்க. தெரியலன்னு சொல்ல நம்மளுக்கு வாய் இருக்கா?"

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பெரியவரும், "சரி, ஒருமுறை பாத்துடலாம்" என்றார். நானும் பலமாகத் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான், எல்லோர் பெயரும் என்றால் அதில் என் பெயரும் உண்டே என்று உறைத்தது.

அந்த வாரம் நான் சாப்பிட்டது கம்மி, கற்பனை செய்தது ஜாஸ்தி. பேராயர் வருகிறார், நான் வரவேற்புரையில் உளறுகிறேன். பாடகர் குழுவில் சண்டை, என் வீட்டு வாசலில் பஞ்சாயத்து. கல்லறை இடத்துக்காக இரண்டு குடும்பங்கள் என் சட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கின்றன. நூற்றுப்பத்துப் பேரில் என் பெயர்தான் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேவன் மேல் அவ்வளவு உறுதியான விசுவாசம் எனக்கு அதற்கு முன்போ பின்போ இருந்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டில் சீட்டுகளைச் சுருட்டினோம். என் சீட்டின் முனையை மட்டும் மடித்து வைத்தேன். அண்ணன் குளிக்கப் போன நேரத்தில், முனை மடிந்த சீட்டைப் பொறுக்கினேன். அதற்குள் அண்ணி காபியோடு வந்துவிட, வாயில் போட்டுக்கொண்டேன்.

"என்ன தம்பி மெல்றீங்க?"

"வெத்தல அண்ணி."

"வெத்தலை போட்டுக்கினு காபியா?"

காபியையும் சீட்டையும் சேர்த்து விழுங்கினேன்.

மறுநாள் ஆராதனைக்குப் பிறகு, குலுக்கும் முன் சபையார் முன்னிலையில் சீட்டுகளை எண்ண வேண்டும் என்றார் அண்ணன். அது அவரே வைத்த விதி. நூற்று ஒன்பதுதான் இருந்தன. எல்லாவற்றையும் பிரித்துப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். என் பெயர் பத்திரமாக இருந்தது. சுருட்டும்போது நிறையச் சீட்டுகளின் முனை தானாகவே மடியும் என்பதை நான் யோசிக்கவில்லை. நான் விழுங்கியது பெரியவரின் பெயரை.

"வேண்டாத ஆள் பேரை எடுத்துட்டு, ஆண்டவர் சித்தம்னு சொல்லப் பாத்தீங்களா சார்?" என்று ஒரு குரல் கேட்டது.

அண்ணன் சீட்டுகளை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எப்படிக் குறைஞ்சதுன்னு தெரியல. என் வீட்ல இருந்த சீட்டு. பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்." தம்மிடமிருந்த ஞாயிறுபள்ளிப் பொறுப்பை அப்போதே விட்டார். நான் இரண்டாம் வரிசையில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பழையபடி கைதூக்கிப் பெரியவரையே தேர்ந்தெடுத்தார்கள். அண்ணனுக்குக் 'குலுக்கல் வாத்தியார்' என்று பெயர் விழுந்தது. பின்வரிசை பின்வரிசையாகவே இருந்தது. இறுதிவரை அண்ணன் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்து, அந்தப் பின்வரிசையிலேயே உட்கார்ந்தார். நானோ கல்யாண வீடுகளில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாட்களில் வேலூர் ஆஸ்பத்திரியில், அவர் கட்டிலருகே உட்கார்ந்து ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே உன் முழி சரியில்லடா," என்றார். "நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

"மன்னிச்சிடுண்ணா."

"நான் எப்பவோ விட்டுட்டேன். ஆனா எங்கிட்ட சொன்னா ஆச்சா? சபை நடுவுல நடந்தது. சபை நடுவுல எழுந்து சொல்லு."

சரி என்றேன். அடக்க ஆராதனையில் அதற்காகவே எழுந்தேன். அத்தனை முகங்களையும் பார்த்ததும் நாக்கு புரண்டுவிட்டது. அண்ணனின் குறட்டையைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னேன். எல்லோரும் கண்ணீரோடு சிரித்தீர்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குத் தரும் முன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "பீரோவை நகத்துறப்போல்லாம் அந்தச் சீட்டை அடியில தேடினேனே தம்பி," என்றார். பெரியவர் வீட்டுக்கும் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இதுக்காக அவன் அடக்கத்துக்கு நான் வரலப்பா. அதை எப்படித் திருப்பித் தருவே?" என்றார். ஓராண்டு ஜெபத்துக்காவது வரும்படி கேட்டுவிட்டு வந்தேன்.

அண்ணனை மருத்துவமனையில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட காலனிச் சகோதரிகளுக்கும், வேன் ஏற்பாடு செய்த அவருடைய மாணவர்களுக்கும், ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், எங்கெங்கிருந்தோ வந்து துக்கத்தில் பங்கெடுத்த உற்றார் உறவினர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. பெரியவர் இன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கும் நன்றி.

மலரில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்வதும் தந்திரம்தான் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஜெபம் முடிந்ததும், பந்திக்குப் போகும் முன், எழுந்து நின்று இதை வாயால் சொல்வேன். நடுவில் நான் வேடிக்கையாக ஏதேனும் பேசத் தொடங்கினால், தயவுசெய்து யாரும் சிரிக்காதீர்கள்.