சேச்சி வீட்டு இலை

சாப்பாட்டைக் கண்டால் யாரையும் கேட்கத் தோன்றாத ஆள் நான். டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிதில், ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து நானும் மனைவியும் இரண்டு நாள் பயணமாகக் கண்ணூர் போனோம். ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தோம். கோட்டை, கடற்கரை எல்லாம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்பினால், பக்கத்து அறையிலிருந்து மீன் வாசனை. சாத்தியிருந்த கதவைத் திறந்தேன். இலையில் சோறு, பொரித்த மீன், பக்கத்தில் ஒரு டம்ளர் கள். நமக்குத்தான் என்று உட்கார்ந்து மீனைத் தின்று தீர்த்தேன். கள் நாற்றம் எனக்கு ஆகாது, டம்ளரைத் தொடவில்லை. கதவைப் பழையபடி சாத்திவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது வீட்டுக்கார சேச்சி அந்த அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஆடி அமாவாசையாம். செத்துப்போன புருஷனுக்குப் படைச்சுட்டு கதவைச் சாத்தினாங்களாம். அவரே வந்து சாப்பிட்டாருன்னு அழறாங்க," என்ற மனைவி, என் கையை முகர்ந்து பார்த்தாள். "அய்யோ, நீங்களா? வாயைத் திறக்காதீங்க."

இன்றுவரை திறக்கவில்லை. அந்த மீனை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆனால் அன்று சேச்சி சிரிப்பும் அழுகையுமாக டம்ளரை எடுத்து எங்கள் முன் கவிழ்த்துக் காட்டினார்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.