ஒட்டுவதா, செருகுவதா

எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்காரர் அதை மரியாதையாக ‘உறுதி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஏழாம் மாதம் வந்தபோது நேராகவே பிடிவாதம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அப்போது நான் பிடித்த பிடி ஒன்றே ஒன்றுதான். தலைப்பிரசவம் என் அம்மா வீட்டில் நடக்க வேண்டும்.

அம்மா வீடு நாசரேத். தூத்துக்குடியிலிருந்து ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் பஸ் என்றாலே எனக்குக் குடலைப் புரட்டியது. இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டோம். எங்களுக்குச் சொந்தமாக ஒரு உப்பு லாரி இருந்தது. வீட்டுக்காரரே ஓட்டுவார். அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தில் காற்று பட்டால் எனக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் வந்து தொலைத்ததோ ஐப்பசி மழை. கண்ணாடியை இறக்கினால் தொப்பலாக நனைவேன். ஏற்றினால் வாந்தி.

மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார், பேசினால் கோர்ட் தீர்ப்புதான். “மழையும் உள்ள வரக்கூடாது, காத்தும் நிக்கக்கூடாது. பாதி வழி, முக்காணி வரைக்கும் போயி, வாந்தி எடுக்காம திரும்பி வா, அனுப்புதேன். இல்லன்னா பிள்ளை இங்கனதான் பிறக்கும்” என்று சொல்லிவிட்டார். தானும் வண்டியில் வந்து பார்ப்பாராம். என்னை அனுப்பாமலிருக்க இப்படியொரு வழி கண்டுபிடித்திருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜன்னலுக்கு மேலே வெளிப்பக்கமாகச் சாய்த்து ஒரு தகடு வைத்தால், கண்ணாடியை நாலு விரல் இறக்கினாலும் சாரல் அடிக்காது, காற்று மட்டும் வரும். எங்கள் வீட்டில் அதற்குத் தொப்பி என்று பெயர் விழுந்தது. ஊரில் இரண்டு வகைத் தொப்பி கிடைத்தது. ஒன்று, தகரக்கடை அண்ணாச்சி அலுமினியத் தகட்டில் செய்து கொடுப்பது. கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் அதை வளைத்துச் செருகிவிட்டால் விறைத்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று, துறைமுக வாசலில் கப்பல் சாமான் விற்பவரிடம் வந்திருந்த வெளிநாட்டுச் சரக்கு. புகை நிறத்தில் பளபளவென்று இருக்கும் பிளாஸ்டிக். அதன் ஓரத்தில் ஒரு பசைப்பட்டை. தாளை உரித்துக் கதவில் ஒட்டினால் வேலை முடிந்தது.

வீட்டுக்காரர் செருகுவோம் என்றார். நான் ஒட்டுவோம் என்றேன். சோற்றுப்பானை மூடியை மாட்டிக்கொண்டு நிற்கிற லாரியில் நான் ஏறமாட்டேன் என்றேன். இரும்பையே தின்கிற உப்புக்காற்றில் பசை எம்மாத்திரம் என்று கேட்டார். கடல்மேலேயே வந்த சாமானுக்கு உப்புக்காற்று புதுசா என்று நான் திருப்பிக் கேட்டேன். மனிதர் நேரே போய் அந்தப் பிளாஸ்டிக்கை வாங்கிவந்துவிட்டார்.

ஒட்டுகிற இடம் துளி அழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். குழாயில் வரும் நல்ல தண்ணீர் இரண்டு குடம், குடிக்கவும் உலை வைக்கவும்தான் காணும். மற்றதுக்கெல்லாம் வீட்டுக் கிணறு. சோப்பு நுரைக்காத உவர்த் தண்ணீர் அது. மழை விட்டிருந்த ஒரு நாளில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு மூன்று முறை கதவைக் கழுவினேன். ஒவ்வொரு முறையும் வெயிலில் நன்றாகக் காயவிட்டேன். வீட்டுக்காரர் தாளை உரித்து ஒட்டினார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, அன்று முழுக்க நான் வாசலிலேயே நின்றேன்.

மறுநாள் தூறலில் மூன்று பேரும் கிளம்பினோம். அத்தை நடுவில், நான் ஜன்னலோரம். முத்தையாபுரம் தாண்டி இரண்டு பக்கமும் உப்பளம் வந்ததும் காற்று ஒரு பிடி பிடித்தது. தொப்பியின் ஒரு முனை எழும்பியது, டப்டப்பென்று இரண்டு தடவை அடித்தது, பிய்த்துக்கொண்டு பறந்துபோய்ப் பாத்தியில் விழுந்தது. வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவந்தார். அது ஒட்டியிருந்த இடத்தை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏளா, உப்பு. கிணத்துத் தண்ணிலயா கழுவுன?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுக்குப் போகட்டும் என்று கதவுக்கு மூன்று பூச்சு உப்புப் பூசியிருக்கிறேன். பசை கதவில் ஒட்டவில்லை, என் உப்பில்தான் ஒட்டியிருக்கிறது. அவர் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தார். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். உப்புக் குவியலை ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்த பெண்களும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்ட தெம்பு என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் மழை வலுத்துக் கண்ணாடியை ஏற்றவேண்டிவந்தது, வாந்தியும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து தேம்பித்தேம்பி அழுதேன்.

அடுத்த வாரம் தகரக்கடை அண்ணாச்சி வந்தார். கழுவவில்லை, துடைக்கவில்லை. தகட்டை வில்லாக வளைத்துப் பள்ளத்தில் வைத்துக் கையை விட்டார். டக்கென்று உட்கார்ந்துகொண்டது. நம்பிக்கை வருவதற்காக அதைப் பிடித்துத் தொங்கியும் காட்டினார். அச்சு அசல் சோற்றுப்பானை மூடிதான். எரிச்சலையெல்லாம் வேறு இடத்தில் காட்டினேன். என் நீலச் சேலையை ஒரு வாரமாகக் காணவில்லை என்று சலவைக்காரரைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை கிளம்பியபோது மழை கொட்டியது. தகட்டின்மேல் அரிசி பொரிகிற மாதிரிச் சத்தம். என்மேல் ஒரு சொட்டு விழவில்லை. குளுகுளுவென்று காற்று நெற்றியில் பட்டது. பழையகாயல் தாண்டியும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. சந்தோஷம் தாங்காமல் சர்ச்சில் பாடும் பாமாலைப் பாட்டு ஒன்றை உரக்கப் பாடவே ஆரம்பித்துவிட்டேன். அத்தை கையில் எலுமிச்சம்பழத்தை இறுக்கிப் பிடித்தபடி, அது எப்போது தேவைப்படுமோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முக்காணி பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

“ஏலே, திருப்பாத. நேரா விடு.”

“எங்க போகணும்மா?”

“அவ அம்மா வீட்டுக்குத்தான். நல்லா இருக்கும்போதே கொண்டுபோய் விட்டுருவோம்.”

மாற்றுச்சேலைகூட இல்லையே என்று நான் பதறினேன். பேசாமல் இரு என்று அத்தை அதட்டிவிட்டார். பாலத்துக்குக் கீழே தாமிரபரணி செந்தண்ணீராக இரு கரையும் முட்டி ஓடியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நாசரேத்தில் லாரிச் சத்தம் கேட்டதும் அம்மா மாவுக் கையோடு வாசலுக்கு ஓடிவந்தாள். நான் இறங்கினேன். அத்தை தன் மகனிடம், சீட்டுக்குப் பின்னால் இருப்பதை எடுக்கச் சொன்னார். ஒரு துணிமூட்டை வந்தது. பிரித்தால் என் நீலச் சேலை, இன்னும் இரண்டு சேலைகள், பிள்ளைக்கு விரிக்க வெள்ளைவேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள். எல்லாவற்றிலும் டீசல் வாடை.

எப்போது கட்டி வைத்தீர்கள் என்று கேட்டேன்.

“அந்தப் பிளாஸ்டிக்க ஒட்டுன அன்னைக்கே வச்சிட்டேன். அது பறந்துபோச்சுன்னா நான் என்ன செய்ய?”

உப்பளத்தில் நாங்கள் சிரித்து, அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டபோது இந்த மூட்டை என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது. அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். நான் முதலில் அத்தையைக் கட்டிக்கொண்டேன். “ஏளா, வயிறு, வயிறு” என்று அவர் பதறினார்.