டெல்லிக்கும் பாட்னாவுக்கும் நடுவே ஒன்றேகால் மணி நேரம்

பாட்னா ஆர்டர் ஈரோட்டுக்காரர்களுக்குப் போய்விட்டது என்று தந்தி வந்தபோது எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறி சேலைக் கம்பெனியில் நான் மானேஜர். வடக்கே ஆர்டர் பிடிக்கப் போயிருந்தவர் எங்கள் ரெப் கோமதிநாயகம். டெல்லியில் வேலை இழுத்துவிட்டதால் முதலாளி மனசே இல்லாமல் பிளேன் டிக்கெட்டுக்குச் சம்மதித்திருந்தார். பதினொரு மணி வரைதான் காத்திருப்பேன் என்று பாட்னா சேட் சொல்லியிருந்தார். கோமதிநாயகம் கடைக்குப் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டு மணிக்கு.

"எட்டு மணிக்குப் பிளேன் ஏறினவன் எங்கன சுத்திட்டுப் போனான்னு விசாரியும்வே" என்றார் முதலாளி.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். தறிக்காரர் வயிற்றுவலி என்று லீவு கேட்டால்கூட எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்பேன். கோமதிநாயகம் ஊர் திரும்பியதும் நிற்க வைத்தே விசாரித்தேன். பாட்னாவில் இறங்கியது பத்தேமுக்கால் என்றார்.

மகளின் அட்லஸை விரித்தேன். பாவு நூலில் ஓர் இழை எடுத்து, ஒரு முனையை டெல்லியிலும் மறுமுனையைப் பாட்னாவிலும் வைத்தேன். ஸ்கேலில் வைத்துக் கணக்குப் போட்டால் எண்ணூற்றைம்பது கிலோமீட்டர். பிளேன் மணிக்கு அறுநூறு போகும் என்று ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவர் சொல்லியிருந்தார். ஆக ஒன்றரை மணி நேரம். ஒன்பதரைக்கே இறங்கியிருக்க வேண்டும்.

"மிச்சம் ஒண்ணேகா மணி நேரம் எங்கவே போச்சு?"

"நடுவுல லக்னோல எறங்கி, ஆள ஏத்திட்டுப் போச்சு அண்ணாச்சி. அத விட்டா வேற பிளேனும் கெடையாது."

"பிளேன் என்ன டவுன் பஸ்ஸாவே, புளியங்குடி, வாசுதேவநல்லூர்னு நின்னு நின்னு போறதுக்கு?"

ஆபீஸே சிரித்தது. அந்த உற்சாகத்தில், "ஈரோட்டுக்காரன் எம்புட்டுக் குடுத்தான்?" என்றும் கேட்டுவிட்டேன். அவர் முகம் கறுத்துப்போனது. பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பிளேன் டைம் டேபிள். பாத்துட்டுப் பேசுங்க."

இங்கிலீஷில் அச்சடித்த காகிதம் எங்கேயும் கிடைக்கும் என்று டிராயரில் தூக்கிப் போட்டேன். அவரை வைத்துக்கொள்ளலாமா என்று முதலாளி என்னைத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். அதோடு அவர் வேலை போனது.

நாலு வருஷம் கழித்து அதே வழியில் நானே போக நேர்ந்தது. பிளேன் தரை தொட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். பணிப்பெண் மறித்து, "லக்னோ, லக்னோ. பாட்னா அடுத்தது" என்று சைகை காட்டி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். கோமதிநாயகம் சொன்ன அதே லக்னோ.

ஊர் வந்ததும் டிராயரைத் துழாவினேன். புத்தகம் அடியில் கிடந்தது. லக்னோவில் நிற்கும் நேரம், பாட்னா பத்தேமுக்கால், எல்லாவற்றுக்கும் கீழே கோமதிநாயகம் நீலப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

மேலநீலிதநல்லூரில் ஓர் உரக்கடையில் அவரைக் கண்டுபிடித்தேன். "எம்மேலதான் தப்பு. முதலாளிகிட்டச் சொல்லிட்டேன், வேலைக்கு வாரும்வே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கு ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்களே அண்ணாச்சி, அவங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதில் பாதிப் பேர் கம்பெனியை விட்டே போயிருந்தார்கள். அவர் திரும்பி வரவில்லை.

இப்போது மானேஜர் நாற்காலியில் இருக்கும் தம்பிகளே, சந்தேகப்படாமல் இந்த வேலை பார்க்க முடியாது. ஆனால் ஒருவர் நீட்டும் காகிதத்தைப் படித்துவிட்டுச் சந்தேகப்படுங்கள். அதையும் நாலு பேர் முன்னால் செய்யாதீர்கள்.