முப்பத்தொன்றாம் எண்

தையல்கார அக்காவுக்குத் தம்பியைப் பார்க்கக் கிடைத்த ஒரே வழி, தன் தொப்பைதான்.

ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் அவன் அங்கேயே தங்கிவிட்டான். வீட்டுப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வம். புளிக்கவைத்த பார்லியைத் தினமும் குடித்தால் உடம்பில் கொழுப்பு சேர்வது குறைகிறதா என்று பார்க்க, பருமனான ஆட்கள் வேண்டும் என்றான். "என்னைவிட்டா உனக்கு ஆளு ஏதுடா!" என்று உடனே போய் நின்றாள். முப்பத்தொன்றாம் எண் கிடைத்தது.

பாதிப் பேருக்குப் புளித்த பார்லி, மீதிப் பேருக்குப் புளிக்காதது. ருசியில் கண்டுபிடிக்க முடியாதபடி அதிலும் புளிப்பு சேர்த்திருந்தார்கள். யாருக்கு எது என்று தம்பிக்கே தெரியாது. மற்றபடி வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். வெள்ளிதோறும் பத்து மணிக்குத் தம்பியே கால் மணி நேரம் எடையும் அளவும் பார்ப்பான்.

அந்தக் கால் மணி நேரத்துக்காக வாரம் முழுக்கத் தைத்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "என் தம்பி மைக்ராஸ்கோப்ல பாக்குறவன்" என்பாள். எட்டாவது வாரம் இடுப்பு இரண்டரை அங்குலம் இறங்கியிருந்தது. அவளுடைய டேப் பொய் சொல்லாது.

"பாத்தியா? உன் பார்லி ஜெயிச்சிருச்சு!"

தம்பி சிரிக்கவில்லை. அவளுடைய நோட்டை அன்றுதான் வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அக்காவின் கையெழுத்து, ஆனால் ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஐந்து வாரமாக இரவு உணவுக்கு நேராக ஒரே சொல்: இல்லை.

"ஏன்கா பட்டினி கெடந்தே?"

"உன் ஆராய்ச்சி தோத்துடக் கூடாதேன்னுதான்."

"தோத்தாலும் அது பதில்தான்கா. இப்ப நீ இளைச்சது பார்லியாலயா, பட்டினியாலயான்னு நான் எப்படிச் சொல்ல?"

"பொய்யா எழுதியிருக்கலாம். கை வரலடா."

"அதான் நீ." தம்பி பட்டியலை எடுத்து, முப்பத்தொன்றின் மேல் கோடு போட்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அப்போ வெள்ளிக்கிழமை?"

"இனி வர வேணாம்கா. நான் வரேன், நேரம் கிடைச்சா."

மீதியிருந்த பார்லிப் பொடிப் பொட்டலங்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளி, பத்துக்குக் கால் மணி முன்பே கை தானாக ஆணியிலிருந்து பையை எடுத்தது. திரும்ப மாட்டினாள். மிஷின் முன் உட்கார்ந்து, கடியாரத்தைப் பார்த்தபடி ஒரு பொட்டலத்தைக் கரைத்துக் குடித்தாள். ஒரு புது நோட்டைத் திறந்து, நேரத்தை எழுதினாள்.